குழந்தைக்கு ஸ்கேன் எழுதியிருக்கிறார்களா? வேலை முதல் நாள் சாயங்காலமே தொடங்குகிறது

விடிகாலையில் கிளம்பி, டோக்கன் வாங்கி, ரெண்டு மணி நேரம் காத்திருந்த பிறகு "இன்னைக்கு முடியாதும்மா, வேற தேதி வாங்கிக்கோங்க" என்று திருப்பி அனுப்பினால், அதற்கு மெஷின் காரணமாக இருப்பது அபூர்வம். ஆயா பாசத்தில் ஊட்டிய ஒரு பொறை, கையோடு கொண்டுவராத கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட், மூக்கடைப்புக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய சிரப் என்று காரணங்கள் எல்லாம் வீட்டிலிருந்து வந்தவையாகத்தான் இருக்கும். புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கும் குழந்தைக்கு ஸ்கேன் தள்ளிப்போனால் அடுத்த கீமோவும் ஆபரேஷன் தேதியும் சேர்ந்தே தள்ளும். திருப்பி அனுப்பாமல் எடுத்துவிட்டாலும் ஆபத்து உண்டு: சரியாகத் தயாராகாத குழந்தையின் படத்தில் இல்லாத கட்டி தெரியும், இருக்கும் கட்டி மறையும்.

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கமிருந்து எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ, ஸ்டான்லிக்கோ, சென்ட்ரல் எதிரில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கோ, அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்கோ போய்வரும் பெற்றோருக்காக இதை எழுதுகிறோம். உங்கள் டாக்டரோ ஸ்கேன் சென்டரோ இதற்கு மாறாக ஏதாவது சொன்னால் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

எந்த ஸ்கேன், எதற்கு

சீட்டில் எழுதியிருப்பதை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். எந்தப் பகுதிக்கு, படம் தெளிவாகத் தெரிய கான்ட்ராஸ்ட் என்ற மருந்து ஏற்றியா பிளெயினா, மயக்கம் கொடுத்தா கொடுக்காமலா என்ற மூன்றையும் அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டினியின் அளவும் கொண்டுபோக வேண்டிய ரிப்போர்ட்டும் இந்த மூன்று பதிலைப் பொறுத்தவை.

வயிற்றில் கட்டி என்று சந்தேகம் வந்தால் முதலில் எடுப்பது அல்ட்ராசவுண்ட். கதிர்வீச்சும் மயக்கமும் இல்லை. சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டியோ என்று டாக்டர் சொல்லியிருந்தால், பார்க்க வரும் சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு வயிற்றை அமுக்கிப் பார்க்க விடாதீர்கள். அந்தக் கட்டி உள்ளே கிழிந்தால் நோயின் நிலையே மாறி, சிகிச்சையும் கூடிவிடும்.

நுரையீரலில் பரவியிருக்கிறதா என்று பார்க்க சிடி ஸ்கேன். மூளை, முதுகுத்தண்டு, கை கால் எலும்புக் கட்டி, கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா இவற்றுக்கு எம்ஆர்ஐ. நெறிக்கட்டிகளில் வரும் ஹாட்ஜ்கின் லிம்போமாவுக்கு, கதிரியக்க மருந்து ஏற்றி எடுக்கும் பெட் சிடி. நரம்பு செல்களில் வரும் நியூரோபிளாஸ்டோமாவுக்கு, கதிரியக்க அயோடின் ஏற்றி எடுக்கும் எம்ஐபிஜி. இரத்தப் புற்றுநோய்க்கு மட்டும் பெரிய ஸ்கேன் எதுவும் எழுதாமல் இருப்பார்கள். "எங்க புள்ளைக்கு ஏன் ஸ்கேனே எடுக்கல" என்று பதற வேண்டாம், அந்த நோயை இரத்தத்திலும் எலும்பு மஜ்ஜையிலும்தான் பார்ப்பார்கள்.

காகிதங்கள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது, ரேஷன் கார்டில் குழந்தையின் பெயர் சேர்க்காமல் விட்டதில். நோய் தெரிந்த வாரத்திலேயே அதைச் சரிபாருங்கள். காப்பீட்டு அட்டை இல்லையென்றால் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீசுக்குப் போங்கள். திட்டத்தின் இலவச எண் 1800 425 3993. ஸ்கேனுக்கு முன்அனுமதி தேவையா என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுண்டரில் ஸ்கேனுக்கு முன்பே கேளுங்கள். எடுத்து முடித்த பிறகு பில்லைக் கொண்டுபோனால் பெரும்பாலும் பயன் இருக்காது. அரசு ஆஸ்பத்திரிகளுக்குள் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் சிடி, எம்ஆர்ஐ மையங்களில் கட்டணம் வெளியே கேட்பதைவிட வெகு குறைவு. வெளியே எடுக்கச் சொன்னால், உள்ளேயே எடுக்க எத்தனை நாளாகும் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஸ்கேன் அன்று கையில் இருக்க வேண்டியவை: டாக்டர் சீட்டு, பழைய ஸ்கேன்களின் டிஸ்க்கும் ரிப்போர்ட்டும், கடைசியாக எடுத்த கிரியாட்டினின், இரத்த எண்ணிக்கை, கடைசி கீமோ தேதி, போர்ட்டோ (கீமோ ஏற்றத் தோலுக்கடியில் வைக்கும் கருவி) ஷண்ட்டோ (மூளையில் தேங்கும் நீரை இறக்கும் குழாய்) இருந்தால் அதன் அட்டை. இவற்றோடு அன்றைய எடை. கான்ட்ராஸ்ட், மயக்க மருந்து, கதிரியக்க மருந்து எல்லாமே எடையை வைத்துக் கணக்கிடுபவை. சிடிக்கு ஏற்றும் அயோடின் கான்ட்ராஸ்ட் கிலோவுக்கு ஏறக்குறைய 2 மில்லி. கீமோவில் இளைத்துப்போன குழந்தைக்குப் போன மாதத்து எடையைச் சொன்னால் கணக்கு தப்பும்.

பட்டினி: கடிகாரத்தைப் பின்னோக்கி எண்ணுங்கள்

மயக்கம் கொடுத்து எடுக்கும் ஸ்கேனுக்கு வழக்கமான கணக்கு இது. திட உணவு, பசும்பால், பால்பவுடர் இவற்றுக்கு 6 மணி நேரம். எண்ணெய்ப் பலகாரம், கறி போன்ற கனமான சாப்பாட்டுக்கு 8 மணி நேரம். தாய்ப்பாலுக்கு 4. வெறும் தண்ணீருக்கு 2.

காலை 9 மணிக்கு ஸ்கேன் என்றால் முந்தைய இரவு 9 மணிக்குள் இட்லி கொடுத்துத் தூங்க வையுங்கள். கைக்குழந்தைக்கு விடிகாலை 5 மணி வரை தாய்ப்பால். ஆறரைக்கு எழுப்பி ஒரு டம்ளர் தண்ணீர், 7 மணியோடு நிறுத்தம். கஞ்சித் தண்ணீர், மோர், ஹார்லிக்ஸ், டீ எதுவும் "தண்ணி"க் கணக்கில் சேராது. மயங்கிய நிலையில் வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும். மயக்க டாக்டர் "ஒரு பிஸ்கட்தானே" என்பதை ஏற்காததற்குக் காரணம் அதுதான். தெரியாமல் கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சாப்பிட்டதிலிருந்து 6 மணி நேரம் கணக்கிட்டுத் தள்ளி எடுக்கலாம்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. இரவு 8 மணிக்குச் சாப்பிட்ட குழந்தையை, மதியம் 1 மணி ஸ்கேனுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கூடக் கொடுக்காமல் வைத்திருப்பார்கள். உடம்பு வறண்டு நரம்பு சுருங்கிவிடும், ஊசி ஏறாது, சின்னக் குழந்தைக்குச் சர்க்கரையும் இறங்கும். மதிய ஸ்கேன் என்றால் காலை 6 மணிக்கு லேசான டிபன் கொடுக்கலாமா என்று முதல் நாளே கேளுங்கள். வரிசை நகராமல் நேரம் தள்ளினால் கவுண்டரில் போய், "இப்ப தண்ணி கொடுக்கலாமா" என்று மறுபடி கேளுங்கள். அவர்களாக வந்து சொல்ல மாட்டார்கள்.

பிரெட்னிசோலோன் மாதிரி ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தைக்கு நடுராத்திரியில் அகோரப் பசி எடுக்கும், அடம் என்று அடிக்காதீர்கள். முதல் ஸ்லாட் கேட்டு வாங்குங்கள். பக்கத்தில் யாரும் எதுவும் சாப்பிட வேண்டாம்.

சிடி ஸ்கேன்

படம் எடுப்பது சில வினாடிதான். ஐந்து ஆறு வயதுக்கு மேல் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மயக்கம் தேவைப்படாது. நெஞ்சு சிடிக்கு மயக்கம் இல்லாமல் எடுக்க முடிந்தால் அதுவே நல்லது. மயக்கத்தில் மல்லாந்து கிடக்கும்போது முதுகுப் பக்க நுரையீரல் காற்றிறங்கி ஒட்டிப்போகும், அதற்குள் சின்னப் புள்ளிகள் ஒளிந்துகொள்ளும். ஆகவே வீட்டில் பழக்குங்கள். பாயில் மல்லாந்து, கை ரெண்டும் தலைக்கு மேலே, "மூச்சை இழு, பிடி", பத்து எண்ணு, "விடு". நாலு நாள் விளையாட்டாகச் செய்தால் வந்துவிடும். பல மெஷின்களில் பதிவுசெய்த குரல் ஆங்கிலத்திலோ இந்தியிலோ பேசும். தமிழில் வாயால் சொல்லச் சொல்லி டெக்னீஷியனிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கான்ட்ராஸ்ட் ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், சிறுநீர் போய்விட்ட மாதிரி இருக்கும், வாயில் ஒரு உலோகச் சுவை வரும். முன்பே சொல்லி வைத்தால் குழந்தை திடுக்கிட்டு அசையாது. ஊசி குத்திய இடத்தில் வலியோ வீக்கமோ என்றால் உடனே கத்தச் சொல்லுங்கள், மருந்து நரம்புக்கு வெளியே போகிறது என்று அர்த்தம். போர்ட் அல்லது பிக் லைன் (கை நரம்பு வழியாக வைக்கும் நீண்ட குழாய்) இருந்தால் அது அழுத்தத்தைத் தாங்கும் வகையா என்று அட்டையைக் காட்டிக் கேளுங்கள். சாதாரணக் குழாயில் இன்ஜெக்டர் மெஷினால் தள்ளினால் குழாய் வெடிக்கலாம்.

காசிமேடு மீன் சாப்பாட்டில் வளர்ந்த வீடுகளில் அடிக்கடி கேட்கிற சந்தேகம்: "இவனுக்கு இறால் ஒத்துக்காது, அயோடின் மருந்து ஏத்தலாமா?" இறால் அலர்ஜிக்குக் காரணம் அதிலிருக்கும் புரதம். அயோடினுக்கு அதில் வேலையே இல்லை. சொல்ல வேண்டியது வேறு: முன்பு கான்ட்ராஸ்ட் ஏற்றியபோது தடிப்போ மூச்சுத்திணறலோ வந்ததா, ஆஸ்துமா இருக்கிறதா. சிஸ்பிளாட்டின், ஐபோஸ்ஃபமைடு, அதிக அளவு மெத்தோட்ரெக்சேட் ஏறிய குழந்தை என்றால் அதையும் சொல்லுங்கள், இவை சிறுநீரகத்தைத் தாக்கும் மருந்துகள்.

கதிர்வீச்சுக்குப் பயந்து நுரையீரல் சிடியை மறுப்பது தப்பு, அதற்கு ஈடான வேறு படம் இல்லை. ஆனால் கேள்வி கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. குழந்தையின் எடைக்கேற்ற டோஸ் வைத்துத்தான் எடுக்கிறார்களா? பிளெயின் ஒரு முறை, மருந்து ஏற்றி இன்னொரு முறை என்று ரெண்டு தடவை எடுக்க வேண்டுமா? குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மருந்து ஏற்றிய ஒரே சுற்று போதும். ஒவ்வொரு கூடுதல் சுற்றும் டோஸை அதே அளவு கூட்டும். பிறவியிலேயே ஆர்பி1 மரபணுக் கோளாறோடு வரும் ரெட்டினோபிளாஸ்டோமாவில் சிடியை முடிந்தவரை தவிர்ப்பார்கள். அந்தக் குழந்தைகளுக்குக் கதிர்வீச்சால் பின்னாளில் வேறு புற்று வரும் வாய்ப்பு அதிகம். கர்ப்பமான அம்மா அறைக்குள் போகக் கூடாது, அப்பாவோ ஆயாவோ போகட்டும்.

எம்ஆர்ஐ

கதிர்வீச்சு இல்லை. ஆனால் முக்கால் மணி, சில நேரம் அதற்கு மேலும் அசையாமல் கிடக்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சுவரை டிரில் போடுகிற மாதிரி சத்தம். போனில் எம்ஆர்ஐ சத்தத்தைத் தேடி எடுத்து, காதில் பஞ்சு வைத்துக் கேட்கப் பழக்கினால் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் பலர் மயக்கமில்லாமலே படுத்துவிடுவார்கள். மூன்று நாலு மாதத்துக்குள் இருக்கும் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்து, துணியில் இறுக்கிச் சுற்றித் தூங்கவைத்தே எடுக்கலாம். இது மயக்கம் கொடுக்காதபோதுதான், பட்டினிக் கணக்கோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

உலோகத்தை முந்தைய இரவே கழற்றுங்கள். கம்மல், கொலுசு, அரைஞாணில் கோத்த தாயத்து, காப்பு, தலைக் கிளிப். கண் மையிலும் உலோகத் துகள் இருக்கலாம், அதைக் கழுவிவிடுங்கள். பட்டன் வைத்த ஜீன்ஸ் வேண்டாம், பழைய பருத்தி டிரெஸ் போதும். கழற்ற வராத கம்மலோடு சென்டரில் போராடும்போது குழந்தை அழுது, வரிசையில் இடமும் போகும். கூடப் போகிறவருக்கும் இதே விதிதான். தாலிச் சரட்டில் ஊக்கு மாட்டிவைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த ஊக்கு இரும்பு, காந்தம் அதைப் பிடுங்கி இழுக்கும், அந்த நேரத்தில் எதிரில் படுத்திருப்பது குழந்தை. போன், சாவி, ஏடிஎம் கார்டு எல்லாம் வெளியே.

மூளைக் கட்டிக்காக ஷண்ட் வைத்த குழந்தை என்றால் ஒரு விஷயத்தை மறக்காதீர்கள். அழுத்தத்தை வெளியிலிருந்து மாற்றக்கூடிய வால்வு என்றால் எம்ஆர்ஐ காந்தம் அதன் அளவை மாற்றிவிடலாம். ஸ்கேன் முடிந்த அன்றே நியூரோ சர்ஜரியில் காட்டி வால்வைச் சரிபார்க்க வேண்டும். வாந்தி, தலைவலி, அளவுக்கு மீறிய தூக்கம் என்றால் காலை வரை காத்திருக்காதீர்கள். மூளை ஆபரேஷன் முடிந்து ஒன்றிரண்டு நாளிலேயே "மறுபடி எம்ஆர்ஐ" என்பார்கள். பிள்ளை தேறட்டும் என்று தள்ளிப்போடச் சொல்லாதீர்கள். நாள் கடந்தால் ஆபரேஷன் காயமும் மிச்சக் கட்டியும் படத்தில் ஒன்றுபோலத் தெரியும்.

மயக்கம் பற்றி அவசியமான இரண்டு. சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் முதல் நாளே போன் செய்து சொல்லுங்கள். நெஞ்சுக்குள் கட்டி இருக்கும் குழந்தை மல்லாந்து படுத்தால் திணறுகிறதா, தலையணை உயர்த்தி உட்கார்ந்தே தூங்குகிறதா? யாரும் கேட்காவிட்டாலும் மயக்க டாக்டரிடம் இதை நீங்களே சொல்லுங்கள். மயக்கம் கொடுத்த பின் அந்தக் கட்டி மூச்சுக்குழாயை அழுத்தினால் உயிருக்கே ஆபத்து. அப்படிப்பட்ட குழந்தைக்கு மயக்கமில்லாத வழியை முதலில் பார்ப்பார்கள்.

பெட் சிடி

இதில் நேரம்தான் எல்லாம். ஏற்றும் எஃப்டிஜி மருந்தில் இருக்கும் ஃபுளோரின்-18 ஒவ்வொரு 110 நிமிடத்துக்கும் பாதியாகக் கரையும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையில் சிக்கி ரெண்டு மணி நேரம் தாமதமானால் உங்கள் பிள்ளைக்கு வைத்த டோஸில் பாதி போயிருக்கும். விம்கோ நகரிலிருந்து வண்ணாரப்பேட்டை வரை இருப்பவர்கள் மெட்ரோவை நம்புங்கள். எழும்பூர் என்றால் சென்ட்ரலில் மாறி அடுத்த ஸ்டேஷன். அடையாறுக்குச் சின்னமலையிலோ கிண்டியிலோ இறங்கி ஆட்டோ. மழை நாளில் வியாசர்பாடி சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நிற்கும், அதை எண்ணிக் கிளம்புங்கள்.

எஃப்டிஜி சர்க்கரையைப் போன்ற பொருள். உடம்பில் சர்க்கரை எங்கே போகிறதோ அதுவும் அங்கே போகும். 4 முதல் 6 மணி நேரப் பட்டினியில் வெறும் தண்ணீர் மட்டும்தான். மயக்கத்துக்கு முன் சில இடங்களில் குளுக்கோஸ் தண்ணீர் அனுமதிப்பார்கள், பெட் ஸ்கேனுக்கு அது ஆகாது. வார்டில் டிரிப் ஓடுகிற குழந்தை என்றால் அதில் டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரை) இருக்கிறதா என்று நர்ஸிடம் கேளுங்கள். வார்டு கவனிக்காமல் விட்டு ஸ்கேன் கெடும் இடம் இது. முந்தைய நாள் ஓட்டமும் கிரிக்கெட்டும் வேண்டாம், உழைத்த தசை மருந்தை இழுத்துக்கொள்ளும்.

அடுத்தது குளிர். சென்னை வெயிலில் ஸ்வெட்டரா என்று சிரிக்காதீர்கள். குளிர்ந்தால் குழந்தைகளின் கழுத்திலும் தோளிலும் இருக்கும் பழுப்புக் கொழுப்பு எஃப்டிஜியை வாரி இழுக்கும். லிம்போமாவில் நெறிக்கட்டி பார்க்கும் இடமும் அதே கழுத்துதான். வீட்டிலிருந்து போர்வை, சாக்ஸ், தொப்பி கொண்டுபோங்கள். ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் பேச்சு, அழுகை, சூயிங்கம், போன் கேம் எதுவும் இல்லாமல் போர்த்திப் படுக்கட்டும். உள்ளே போகும் முன் சிறுநீர் கழிக்க வையுங்கள், மாற்று ஜட்டியும் டயப்பரும் கையில் இருக்கட்டும்.

வெள்ளணுவை ஏற்றும் ஃபில்கிராஸ்டிம் ஊசி போட்டிருந்தால் கடைசி ஊசித் தேதியைச் சொல்லுங்கள். அந்த ஊசிக்குப் பின் எலும்பு மஜ்ஜை முழுக்க ஒளிரும், நோய் பரவிவிட்டதோ என்று பயமுறுத்தும். வீட்டுக்கு வந்தபின் அன்று முழுக்க நிறையத் தண்ணீர் கொடுங்கள். வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் சில மணி நேரம் ஒட்டி உட்கார வேண்டாம்.

எம்ஐபிஜி, எலும்பு ஸ்கேன்

எம்ஐபிஜி ஒரே நாளில் முடியாது. இன்று ஊசி, நாளை படம், சில நேரம் அதற்கு அடுத்த நாளும். ஏற்றும் கதிரியக்க அயோடினைத் தைராய்டு குடித்துவிடாமல் இருக்க முந்தைய நாளே அயோடின் சொட்டு மருந்து தொடங்கும். எத்தனை சொட்டு, எத்தனை நாள் என்று எழுதி வாங்குங்கள். சூடோஎஃபெட்ரின், ஃபினைலெஃப்ரின் உள்ள சளி சிரப்பும் மூக்கடைப்புச் சொட்டு மருந்தும் கட்டிக்குள் மருந்து போவதைத் தடுக்கும், படத்தில் கட்டி தெரியாமலே போகலாம். ஆகவே மெடிக்கலில் கேட்டு எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள், ரத்த அழுத்த மாத்திரை ஓடினால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

எலும்பு ஸ்கேன் சுலபம். மயக்கம் இல்லையென்றால் பட்டினி இல்லை. ஊசி போட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படம். இடையில் தண்ணீர் குடிக்க வைத்தால் போதும்.

ஊசியும் பொய்யும்

"ஊசி போட மாட்டாங்க கண்ணு" என்று சொல்லிக் கூட்டிப்போனால் அந்த முறை வேலை நடக்கும், அடுத்த முறை ஆஸ்பத்திரி வாசலிலேயே பிள்ளை தரையில் உருளும். "ஒரு தடவை குத்துவாங்க, வலிக்கும், பத்து எண்ணுறதுக்குள்ள போயிடும், அம்மா கையைப் புடிச்சுக்குறேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். லிடோகேய்ன்-பிரிலோகேய்ன் கலந்த மரப்புக் களிம்பை டாக்டரிடம் எழுதி வாங்கி, குத்துவதற்கு ஒரு மணி நேரம் முன் கையில் தடவி பிளாஸ்டிக் ஒட்டால் மூடுங்கள். பத்து நிமிடத்துக்கு முன் தடவினால் பயனில்லை. ஏசியில் கை சில்லிட்டால் நரம்பு ஒளிந்துகொள்ளும், வெதுவெதுப்பான துணியால் கையைச் சுற்றிவையுங்கள்.

முடிந்தபின்

மயக்கம் தெளிந்து, தண்ணீர் குடித்து வாந்தி இல்லை என்று பார்த்த பிறகே கிளம்புங்கள். பைக்கில் நடுவில் உட்கார வைத்துக்கொண்டு போகாதீர்கள். அரைத்தூக்கத்தில் தலை முன்னால் தொங்கினால் மூச்சு அடைபடும். ஆட்டோவில் பெரியவர் ரெண்டு பேர், ஒருவர் தலையைத் தாங்கிப் பிடிக்க.

கீமோ எடுக்கும் குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் அன்றைய ஸ்கேனை மறந்துவிட்டு நேராக வார்டுக்குப் போங்கள். "ஸ்கேன் முடிச்சிட்டுப் பார்த்துக்கலாம்" என்பது கூடவே கூடாது.

ரிப்போர்ட்டை பஸ்ஸில் பிரித்து வார்த்தை வார்த்தையாக போனில் தேடாதீர்கள். "லீஷன்" என்றால் ஏதோ ஒரு மாற்றம் என்றுதான் பொருள். "ரெசிடுவல்" என்று எழுதியிருப்பது உயிரில்லாத தழும்பாகவும் இருக்கலாம். பழைய படத்தோடு ஒப்பிட்டிருக்கிறார்களா என்பதை மட்டும் பாருங்கள், ஒப்பிடவில்லையென்றால் பழைய டிஸ்க்கைக் கொடுத்து ஒப்பிட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். முடிந்தவரை அதே சென்டரில், அதே மாதிரி மெஷினில் எடுங்கள்.

பிலிமை மடிக்கவோ, பைக் சீட்டுக்கடியில் வெயிலில் வைக்கவோ வேண்டாம். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோகவே கூடாது, இப்போது தரும் பிலிம் பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாவது, சூட்டில் முழுக்கக் கறுத்துவிடும். டாக்டருக்கு உண்மையில் தேவை டிஸ்க். வாங்கிய கவுண்டரிலேயே அதைக் கம்ப்யூட்டரில் போட்டு, பிள்ளையின் பெயரும் தேதியும் வருகிறதா என்று திறந்து காட்டச் சொல்லுங்கள். வெறும் டிஸ்க்கோடு வீடு வந்துவிட்டால் அதற்காக இன்னொரு நாள் போக வேண்டியிருக்கும்.